வெட்டாத ஓரத்தோடு ஒரு புத்தகம்: கைத்தாளில் முதல் பதிப்பு போடுபவர்களுக்கு

பைண்டிங் கடையில் புத்தகம் தைத்து முடிந்ததும் யாரும் கேட்காமலே நடக்கிற வேலை ஒன்று உண்டு. கட்டிங் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரு வெட்டு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், வெட்டாத புத்தகம் அவர்கள் கண்ணுக்கு அரைகுறை வேலை. ஆனால் நீங்கள் கூடுதல் காசு கொடுத்துக் கைத்தாள் வாங்கியதே அந்தப் பிசிறு ஓரத்துக்காக என்றால், இரண்டு மாத உழைப்பு அந்த ஒரு நிமிடத்தில் குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

இந்த ஓரத்தைக் கடைசியில் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எந்த அளவில் தாள், எப்படி மடிப்பு, எந்த அச்சு என்று முதல் வாரத்தில் எடுக்கிற முடிவிலேயே அது தங்கும், அல்லது போகும். புதுச்சேரியிலோ கடலூரிலோ இருந்துகொண்டு முதன்முறையாகச் சின்னப் பதிப்பு போடுபவரை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசை. கணக்குகள் எல்லாம் ஒரே உதாரணத்துக்கு: 64 பக்கம், 50 பிரதி, 22×30 அங்குலத் தாள்.

1. எது உண்மையான பிசிறு ஓரம் என்று பார்த்துப் பழகுங்கள்

கைத்தாள் செய்யும் சல்லடைச் சட்டத்தின் மேல் இன்னொரு சட்டம் உட்காரும். அதன் பெயர் டெக்கிள். கூழ் அந்தச் சட்டத்துக்கு அடியில் கொஞ்சம் கசிந்து மெலிந்து நிற்கும்; காய்ந்ததும் அதுதான் பிசிறு ஓரம். அதனால் ஒவ்வொரு தாளாகக் கையால் எடுத்ததில் நான்கு பக்கமும் பிசிறு இருக்கும். சிலிண்டர் மோல்டு இயந்திரத்தில் வருகிற தாளில் இரண்டு பக்கம் மட்டுமே இயல்பான பிசிறு. மற்ற இரண்டும் கிழித்தோ, கிழிவதற்கு வழி செய்தோ உண்டாக்கியவை.

வாங்குமுன் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். உண்மையான ஓரம் நான்கைந்து மில்லிமீட்டர் தூரத்துக்குப் படிப்படியாக மெலிந்து, கடைசியில் ஒற்றை இழைகளாக முடியும். கிழித்த ஓரம் திடீரென்று முடியும், ஒரு முகத்தில் மட்டும் வெள்ளையாகச் சரிவு தெரியும். இயந்திரத்தில் செய்த போலி ஓரத்தில் ஒரே அலை திரும்பத் திரும்ப வரும். பத்துத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைவுகள் ஒன்றோடொன்று பொருந்தும். கைத்தாளில் ஒருநாளும் பொருந்தாது.

கிழித்த ஓரம் கேவலம் என்று சொல்லவில்லை. கீழே நாமே கிழிக்கத்தான் போகிறோம். பிசிறு ஓரத்தின் விலை கொடுத்துக் கிழித்த ஓரத்தை வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

2. மடிப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தாளில் நான்கு பக்கமும் பிசிறு இருந்தால் புத்தகத்தின் எல்லா இதழிலும் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது.

22×30 தாளை ஒரே ஒருமுறை மடித்தால் 15×22 அங்குலத்தில் இரண்டு இதழ். தலை, அடி, முன் ஓரம் (முதுகுக்கு எதிர்ப்பக்கம்) மூன்றிலும் பிசிறு கிடைக்கும். ஆனால் அது புத்தகம் இல்லை, சுவரொட்டி ஆல்பம்.

இரண்டுமுறை மடித்தால் 11×15 அங்குலத்தில் நான்கு இதழ். தலை மூடிய மடிப்பாகிவிடும். முன் ஓரத்திலும் அடியிலும் எல்லா இதழுக்கும் பிசிறு உண்டு. ஓவியப் புத்தகத்துக்கு அருமையான அளவு, கையில் வைத்துப் படிக்கக் கனம்.

மூன்றுமுறை மடித்தால் 7½×11 அங்குலத்தில் எட்டு இதழ், அதாவது ஒரு பாரம், 16 பக்கம். அடியில் எட்டு இதழுக்கும் பிசிறு. தலை முழுக்க மூடிய மடிப்பு. முன் ஓரத்தில் நான்கு இதழுக்குப் பிசிறு, மீதி நான்கும் ஜோடி ஜோடியாக மடிப்பில் ஒட்டியிருக்கும். அந்த மடிப்பைக் கத்தியால் கீறித் திறந்தால் நேர்கோடாக நிற்கும். பக்கத்து இதழ் பிசிறாக நிற்கும். வேண்டுமென்று செய்ததுபோல் தெரியாது, மறந்துபோனதுபோல் தெரியும்.

இந்த அளவுதான் வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, 11×15 அங்குலத்திலேயே நான்கு பக்கமும் பிசிறோடு தாள் செய்து தரச் சொல்லுங்கள். டெக்கிளில் தடுப்பு வைத்து ஒரே எடுப்பில் பல சிறுதாள் எடுக்க முடியும். ஒருமுறை மடித்தால் போதும், மூன்று ஓரமும் உண்மையான பிசிறு. ஆனால் கைவேலை கூடுவதால் விலை ஏறும், குறைந்தபட்ச ஆர்டரும் கேட்பார்கள். இரண்டாவது, 22×30 முழுத்தாளை நாமே நான்காகப் பிரிப்பது. கீழே விவரிப்பது இந்த இரண்டாவது வழி. முதல் புத்தகத்துக்கு இதுவே கட்டுப்படியாகும்.

எந்த வழியானாலும் தலையை நேராக வெட்டிவிடுங்கள். அலமாரியில் நிற்கும் புத்தகத்தில் தூசி விழுவது தலையில்தான். பிசிறான தலையில் தூசி இறங்கி உட்கார்ந்தால் எந்தத் தூரிகையாலும் எடுக்க முடியாது. நம் ஊர்க் கடற்காற்றில் அந்தத் தூசி ஈரமும் வாங்கும். அதோடு, பாரங்களைத் தட்டிச் சமப்படுத்த நேரான பக்கம் ஒன்றாவது வேண்டும்.

3. எத்தனை தாள் என்று கணக்குப் போடுங்கள்

முழுத்தாள் ஒன்றுக்கு 16 பக்கம். 64 பக்கத்துக்கு ஒரு பிரதிக்கு 4 தாள். விற்பனைக்கு 50, நூலகங்களுக்கு 4 (ஏன் என்று கடைசிப் படியில்), ஆக 54 பிரதி, 216 தாள். அச்சுக் கழிவு, கறை, மெல்லிய தாள் என்று 15 சதவீதம் சேர்த்தால் 248. ஆர்டர் 250.

கழிவு 5 சதவீதம் போதும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். மில் தாளுக்கு அது சரி. கைத்தாளில் ஒரு தாள் 90 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), அடுத்தது 110 என்று வருவது இயல்பு. அதைப் பார்த்துப் பிரித்து எடுத்தாலே சில தாள் கழிந்துவிடும். பற்றாக்குறை வந்தால் அடுத்த வார்ப்பில், அதாவது அடுத்த தடவை கலக்கும் கூழில், அதே நிறம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே வார்ப்பில் மொத்தமும் வாங்கிவிடுவதுதான் புத்தி.

100 ஜி.எஸ்.எம். தாள் இந்த அளவில் ஒன்று சுமார் 43 கிராம். 250 தாள் பத்தே முக்கால் கிலோ. ஸ்கூட்டரில் கொண்டுவரலாம் என்று தோன்றும். சுருட்டிக் கட்டினால் ஓரம் நசுங்கும். இரண்டு அட்டைக்கு நடுவே தட்டையாகப் படுக்கவைத்து ஆட்டோவில் கொண்டுவாருங்கள்.

செலவுக் கணக்கு இப்படி: ஒரு தாள் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தாள் மட்டும் 12,500, வரி தனி. பிரதிக்கு 4 தாள்தானே, 200 ரூபாய் என்று போடாதீர்கள். மொத்தத் தாள் செலவை விற்கப்போகும் 50 பிரதியால் வகுங்கள்: 250 ரூபாய். கழிவும் நூலகப் பிரதியும் விற்கும் பிரதிகளின் தலையில்தான் விழும்.

4. தாள் ஆலையில் கேட்க வேண்டியவை

புதுச்சேரியில் எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்சாலை 1959 முதல் இருக்கிறது. ஆரோவில்லிலும் கைத்தாள் செய்கிறார்கள். எங்கே போனாலும் நேரில் போய் மூன்று மாதிரித் தாள் வாங்கிவந்து வீட்டில் சோதித்த பிறகே ஆர்டர் கொடுங்கள். பூவிதழ், புல், பட்டுநூல் கலந்த தாள்கள் கண்ணைப் பறிக்கும். அவை வாழ்த்து அட்டைக்கு. எழுத்து அச்சிட வேண்டியது வெற்றுப் பருத்தித் தாள், 90 முதல் 120 ஜி.எஸ்.எம்.

சோதனை ஒன்று: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். உடனே பரவிப் பின்பக்கம் தெரிந்தால் சைஸிங் (ஈரமும் மையும் ஊறாமல் தடுக்கச் சேர்ப்பது) இல்லாத தாள். மை ஊறும், மடிப்பில் பஞ்சாகும்.

சோதனை இரண்டு: ஒரு மூலையில் பி.எச். பேனாவால் கோடு போடுங்கள். ஊதா நிறம் வந்தால் அமிலம் இல்லை. மஞ்சளாகவே நின்றால் ரோசினும் படிகாரமும் போட்ட பழைய முறை சைஸிங்காக இருக்கலாம், சில ஆண்டுகளில் பழுக்கும். "நியூட்ரல் சைஸிங் உண்டா?" என்று ஆலையில் நேராகவே கேளுங்கள்.

சோதனை மூன்று: மடித்து, அழுத்தி, திறந்து, மறுபக்கம் மடியுங்கள். ஐந்து தடவைக்குள் மடிப்புக்கோடு வெடித்தால் வேறு தாள் பாருங்கள்.

கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். அதில் இவ்வளவும் இருக்க வேண்டும்: 22×30 என்பது பிசிறு உட்பட்ட அளவா, பிசிறு நீக்கிய அளவா, ஜி.எஸ்.எம்., அதில் ஏற்ற இறக்கம் எவ்வளவு, காலண்டர் செய்ததா (உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழுவழுப்பாக்கியதா) இல்லையா, ஒரே வார்ப்பா, வரி உள்ளேயா வெளியேயா, முன்பணம், டெலிவரித் தேதி. எல்லாவற்றுக்கும் மேல், "நான்கு ஓரமும் வெட்டாமல்" என்ற சொல். காலண்டர் முடிந்ததும் ஓரம் வெட்டி அடுக்குவது ஆலையில் வழக்கமான அடுத்த வேலை. சொல்லாவிட்டால் நேர்த்தியாக வெட்டியே கொடுப்பார்கள், அதில் அவர்கள் தப்பும் இல்லை.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு சொல்: முள்ளோடை தாண்டினால் வேறு மாநிலம். பில் இல்லாமல் தாள் கட்டை எடுத்துவராதீர்கள். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். அதை ஆலையே எடுத்துத் தருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால், தாளுக்குக் கட்டிய வரியை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. அதுவும் அடக்கவிலைதான்.

5. காலத்தைப் பின்னிருந்து எண்ணுங்கள்

வெளியீட்டுத் தேதியிலிருந்து மூன்று மாதம் பின்னால் போய்த் தொடங்குங்கள். மாதிரிச் சோதனைக்கு ஒரு வாரம், தாள் வர நான்கு முதல் ஆறு வாரம், அச்சும் காய்தலும் இரண்டு வாரம், மடிப்பு, தையல், அட்டைக்கு மூன்று வாரம் என்று ஒதுக்கினால் மூச்சுவிட முடியும். தாள் வரக் காத்திருக்கும் நேரத்தில் ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) வாங்கிவிடலாம். அதை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையின் இணையதளத்தில் தனிமனிதரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். எண் கைக்கு வராமல் பதிப்புரிமைப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். பிறகு ஸ்டிக்கர் ஒட்டுவது இந்த மாதிரிப் புத்தகத்துக்கு அவமானம்.

ஐப்பசி, கார்த்திகையில் அச்சு வேலை வைக்காதீர்கள். ஆலையில் தாள் காய்வதும் தாமதமாகும். உங்கள் வீட்டில் தாள் ஈரம் வாங்கும்; நடுப்பகுதியைவிட மெல்லிய பிசிறு ஓரம் முதலில் வாங்கும், முதலில் காயும், அதனால் அலை அலையாகச் சுருளும். மாசி முதல் ஆனி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் தாளை வைத்திருக்க நேர்ந்தால் பரணிலோ மேசையிலோ வையுங்கள், தரையில் வேண்டாம். 2011-ல் தானே, 2024-ல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைப் பார்த்து வந்த புயல்களை நம் ஊர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

தாள் வந்ததும் கட்டைப் பிரித்து, அச்சிடப்போகும் அறையிலேயே இரண்டு நாள் அடுக்கி வையுங்கள். மேலே எடை வேண்டாம், ஒரு துணி போதும்.

6. நான்காகப் பிரித்து, இரண்டு அடுக்காக வையுங்கள்

ஒரு முழுத்தாளை 30 அங்குலப் பக்கம் கிடையாக இருக்கும்படி மேசையில் போடுங்கள். நடுவில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கத்தியால் வெட்டுங்கள். அளவை ஓரத்திலிருந்து எடுக்காதீர்கள், ஓரம் தாளுக்குத் தாள் மாறும். தாளை மடிக்காமல் நடுவைக் கண்டுபிடிக்க, 22×30 அளவில் ஓர் அட்டை வெட்டி அதில் நடுக்கோடு குறித்துக்கொண்டு, தாளை அதன்மேல் கண்ணளவில் நடுப்படுத்தினால் போதும்.

இப்போது கிடைக்கும் கால்தாள் ஒவ்வொன்றும் 11×15. ஒரு நீளப் பக்கமும் ஒரு குறும்பக்கமும் பிசிறு. மற்ற இரண்டும் கத்திவெட்டு. பிசிறான 15 அங்குலப் பக்கம் உங்களைப் பார்த்துக் கீழே வரும்படி நான்கையும் வையுங்கள். அதுதான் புத்தகத்தின் அடி. எதிர்ப்பக்கக் கத்திவெட்டு, தலை. இப்படி வைத்தால் நான்கில் இரண்டுக்கு இடப்பக்கம் பிசிறு, இரண்டுக்கு வலப்பக்கம் பிசிறு. அவற்றை இடம், வலம் என்று இரண்டு அடுக்காகப் பிரித்து மேலே சீட்டு வையுங்கள். கலக்க விடாதீர்கள்.

இந்தப் பிரிப்பின் பலன் பாரம் கோக்கும்போது தெரியும். நான்கு கால்தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 16 பக்கப் பாரம். வெளித்தாளில் 1, 2, 15, 16. அடுத்ததில் 3, 4, 13, 14. மூன்றாவதில் 5, 6, 11, 12. உள்தாளில் 7, 8, 9, 10. முதல், மூன்றாம் தாளை இட அடுக்கிலிருந்தும், இரண்டாம், நான்காம் தாளை வல அடுக்கிலிருந்தும் எடுத்தால் உண்மையான பிசிறும் நாம் கிழிக்கப்போகும் பிசிறும் இதழ்விட்டு இதழ் மாறி மாறி வரும். எல்லாம் ஒரே அடுக்கில் எடுத்தால் பாரத்தின் முன்பாதி ஒரு மாதிரி, பின்பாதி வேறு மாதிரி நிற்கும்.

7. அச்சு: நேர் விளிம்பைப் பயன்படுத்தி, பிறகு அதை அழித்துவிடுங்கள்

எந்த அச்சு இயந்திரத்துக்கும் தாள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்கார நேரான இரண்டு விளிம்பு வேண்டும். பிசிறு ஓரத்தை லேயில் (தாள் முட்டி நிற்கும் தடுப்பு) முட்டவைத்தால் ஒவ்வொரு தாளும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகரும். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. வெளிச்சத்தில் பார்த்தால் இரட்டை வரியாகத் தெரியும்.

நம் கால்தாளில் தலையும் ஒரு பக்கவாட்டும் கத்திவெட்டு. அந்த இரண்டும்தான் லே. தாளின் அகலம் 381 மி.மீ. பக்கவாட்டுக் கத்திவெட்டிலிருந்து 195 மி.மீ.-யில் மடிப்புக்கோடு வரும்படி லேஅவுட் போடுங்கள். அச்சு முடிந்தபின் அந்தப் பக்கத்தில் 10 மி.மீ. கிழித்து எடுக்கப்போகிறோம், இரண்டு பக்கமும் 185 சொச்சம் நிற்கும். மார்ஜினை மடிப்பிலிருந்தும் தலையிலிருந்தும் மட்டும் அளக்கச் சொல்லுங்கள். முன் ஓரத்திலும் அடியிலும் எழுத்துக்கும் ஓரத்துக்கும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும். குறைந்தால் ஓரத்தின் ஏற்ற இறக்கம் எழுத்தைக் கோணலாகக் காட்டும்.

பின்பக்கம் அடிக்கும்போது தாளைப் புரட்டுவதால் பக்கவாட்டு லே எதிர்ப்புறம் மாற வேண்டும். அதே விளிம்பு, இடம் மட்டும் மாறும். மாற்றாமல் பிசிறு பக்கத்தை முட்டவைத்து அடித்த பாரத்தைக் காப்பாற்ற வழியே இல்லை.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, கையால் தாள் கொடுக்கிற டிரெடில் (சின்ன எழுத்தச்சு இயந்திரம்) இருந்தால் அதுவே முதல் தேர்வு. ஃபைலிலிருந்து பாலிமர் பிளேட் (எழுத்து மேடாக நிற்கும் பிளாஸ்டிக் அச்சுத்தகடு) எடுத்து 10×15 டிரெடிலில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து அடிக்கலாம். அடுத்தது ஸ்க்ரீன் பிரிண்டிங்; தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளாமல் இருக்க 12 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள், காலண்டர் செய்த தாளாக எடுங்கள். ஆஃப்செட்டில் கைத்தாளின் பஞ்சு பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) ஒட்டி எழுத்தில் வெள்ளைப் புள்ளி விழும். பலர் வேண்டாம் என்றே சொல்லிவிடுவார்கள், சரிதான். எந்த அச்சானாலும் முந்தைய நாள் தாள் அடுக்கை வாசலுக்குக் கொண்டுபோய் நான்கு பக்கமும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உதிர வேண்டிய பஞ்சு அங்கேயே உதிரட்டும்.

எண்ணெய் மை என்றால் மூன்று நாள் காயவிடுங்கள். தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்பது போதாது; வெள்ளைத்தாளை வைத்து நகத்தால் தேய்த்துப் பாருங்கள்.

8. ஈரக் கிழிசல்

தேவை: கனமான ஸ்டீல் ஸ்கேல், 6-ம் நம்பர் நீர்வண்ணத் தூரிகை, குடிதண்ணீர், கழிவுத் தாள்.

கத்திவெட்டுப் பக்கவாட்டிலிருந்து 10 மி.மீ. உள்ளே ஸ்கேலை வையுங்கள். ஸ்கேலின் விளிம்பை ஒட்டித் தூரிகையால் ஒரே இழுப்பில் தண்ணீர்க் கோடு. இரண்டு நிமிடம் பொறுங்கள், கோடு கருத்துத் தெரியும். ஸ்கேலை ஓர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் அந்தப் பத்து மில்லிமீட்டர்ப் பட்டையைப் பிடித்து, மேலே தூக்காமல், வெளிப்புறமாகச் சாய்த்து மெதுவாக இழுங்கள். பருத்தி இழைகள் நீளமாகப் பிரிந்து வரும். சரக்கென்று சத்தம் வந்தால் ஈரம் போதவில்லை. தாள் கூழாகிக் குழைந்தால் ஈரம் அதிகம்.

கிழித்த ஓரத்தை ஈரம் காயும்முன் விரல் நுனியால் உள்நோக்கி ஒருமுறை தடவிவிட்டால் சரிவு மறைந்து உண்மையான பிசிறுக்குப் பக்கத்தில் வரும். வெளிச்சத்தில் பிடித்தால் வித்தியாசம் தெரியும். மடியில் வைத்துப் படிப்பவருக்குத் தெரியாது. 25 கழிவுத் தாளில் பழகிவிட்டு அச்சிட்ட தாளைத் தொடுங்கள். 54 பிரதிக்கு 864 கிழிசல். மணிக்கு நாற்பது என்று வைத்துக்கொண்டாலும் 22 மணி நேரம். ஆள் வைத்தால் கூலியை இதற்குத் தனியாகப் பேசுங்கள். பைண்டிங் கூலிக்குள் அடங்கும் வேலை இல்லை இது.

9. மடிப்பு, தையல், அட்டை

மடிக்கும்போது ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். பிசிறுத் தாளில் அது ஆகாது. அச்சிலேயே தலையிலும் அடியிலும் மடிப்புக்கோட்டுக்குச் சிறு புள்ளி வைத்திருந்தால் ஸ்கேல் வைத்து, போன் ஃபோல்டரால் (மடிப்பை அழுத்தும் எலும்புப் பட்டை) கோடு இழுத்து, பிறகு மடிக்கலாம். புள்ளி தையலுக்குள் மறைந்துவிடும்.

பாரங்களைத் தலையிலும் முதுகிலும் தட்டிச் சமப்படுத்துங்கள். அடியில் ஒருபோதும் தட்டாதீர்கள், பிசிறு மடங்கும். தையல் துளை அளவுகளும் தலையிலிருந்துதான். துளையிடும் வார்ப்புரு அட்டையில் தலைப்பக்கம் ஒரு தடுப்பு ஒட்டிவிட்டால் ஒவ்வொரு பாரமும் ஒரே இடத்தில் நிற்கும். மெழுகு தடவிய லினன் நூல், இல்லாவிட்டால் நல்ல பருத்தி நூல். மெல்லிய நூலை இறுக்கி இழுத்தால் கைத்தாள் அறுந்துவிடும். மடிப்பின் திசையிலேயே இழுங்கள், தாளுக்குக் குறுக்காக வேண்டாம்.

மைதா பசையில் பூச்சிக்கு மயில் துத்தம் கலக்குவது பைண்டிங் கடைகளில் பழைய வழக்கம். இந்தப் புத்தகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துத்தத்தின் செம்பு பருத்தி இழையை நாளடைவில் பழுப்பாக்கி நொறுக்கும். அன்றன்றைக்குக் காய்ச்சிய கோதுமை மாவுப்பசை போதும். முதுகுக்கு வெள்ளைப் பசை. அட்டையின் உட்பக்கத் தாளை ஒட்டியதும் புத்தகத்துக்கும் அதற்கும் நடுவே பிளாஸ்டிக் தாளும் ஒற்றுத்தாளும் வைத்து எடை ஏற்றுங்கள். பசையின் ஈரம் முன் ஓரத்துக்கு ஓடினால் முதல் நாலு இதழ் அப்பளம்போல் நெளியும்.

அட்டை வெட்டுவதற்கு 279 மி.மீ. என்ற கணக்கை நம்பாதீர்கள். தைத்த புத்தகத்தில் அடியில் அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் இதழை அளந்து அதற்கு மேல் 3 மி.மீ. விடுங்கள். முன் ஓரத்துக்கும் அப்படியே. 54 பிரதிக்கும் ஒரே அட்டை அளவு வேண்டும் என்றால் எல்லாவற்றிலும் நீளமான பிரதியை அளவாக எடுங்கள்.

பைண்டரிடம் வாயால் சொன்னது போதாது. ஜாப் கார்டிலும், ஒவ்வொரு கட்டின் மேல் ஒட்டும் சீட்டிலும் சிவப்பு மையில் இப்படி எழுதுங்கள்: "கட்டிங் கிடையாது. முன் ஓரமும் அடியும் இப்படியேதான் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கூப்பிடவும்." நீங்கள் பேசிய முதலாளி வேறு, மெஷினில் நிற்கும் தம்பி வேறு. அச்சிடாத தாளில் தைத்து முடித்த வெள்ளைப் பிரதி ஒன்றை முன்மாதிரியாகக் கொடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

10. நூலகப் பிரதியும் அனுப்புதலும்

1954-ஆம் ஆண்டுப் புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். முதலில் சேர்த்த நான்கு பிரதி இதற்குத்தான். பலர் இதையே கைத்தாளில் 50, சாதாரணத் தாளில் 500 என்று இரண்டு விதமாகப் போடுவார்கள். அப்போது தேசிய நூலகத்துக்குப் போக வேண்டியது அந்தப் பதிப்பின் மிகச் சிறந்த தாளில் அச்சிட்ட பிரதி என்று சட்டமே சொல்கிறது. மற்ற நூலகங்களுக்கு அதிகம் அச்சிட்ட தாளில் உள்ள பிரதி போதும். அப்படியானால் கைத்தாளில் கூடுதலாக ஒன்றே ஒன்று தைத்தால் போதும், தாள் ஆர்டரிலும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

பார்சலில் பிசிறு ஓரம் நசுங்குவது அட்டையை மீறிப் புத்தகம் நகர்வதால். புத்தகத்தை மெல்லிய தாளில் சுற்றி, நெளிவு அட்டையில் அதன் அளவுக்கே பெட்டி மடித்து, அதைப் பெரிய பெட்டிக்குள் நாலு பக்கமும் காகிதம் அடைத்து வையுங்கள். பப்பிள் ஷீட்டை நேராகப் புத்தகத்தின்மேல் சுற்றினால் குமிழ்த் தடம் உறையில் விழும். வாங்குபவருக்கு ஒரு சீட்டு உள்ளே வைத்துவிடுங்கள்: ஓரம் இப்படித்தான் இருக்கும், அலமாரியில் இறுக்கிச் செருக வேண்டாம், படுக்கவைத்தால் நல்லது, ராமபாணப் பூச்சிக்கு வருடம் இருமுறை காற்றாட விடவும். அந்தச் சீட்டு இல்லாமல் போன பிரதிகளில் ஒன்றிரண்டாவது "ஓரம் வெட்டாமல் வந்திருக்கிறது" என்று திரும்பி வரும்.